பழைய பொம்மைகளைச் சரிசெய்யக் கொடுக்கிறீர்களா? எனக்கு ரூ. 18,500 போனதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

மதுரையில் பழைய பொம்மைகள், மாடல் கிட்டுகள் (பாகங்களை நாமே ஒட்டிக் கட்டுகிற குட்டி விமானம், டாங்கி) வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ரூ. 18,500 வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த பொருளையும் நாசம் செய்து திருப்பித் தந்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம்தான் பெட்டி கைக்கு வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், நடுவில் வேறு வம்பு வேண்டாம். பழைய பொம்மைகளை வாங்கி விற்று, 'ரெஸ்டோர்' செய்தும் தருவதாக இன்ஸ்டாகிராமில் வீடியோ போடுகிற கடை. ஊருக்குள்ளேதான் இருக்கிறது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. பித்தளைப் பாத்திரம் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். திறந்தால் அண்ணனும் நானும் சேர்த்த ஜி.ஐ. ஜோ என்கிற போர்வீரர் பொம்மைகள்! ஃபன்ஸ்கூல் போட்டவை, மூணே முக்கால் அங்குல உயரம், முட்டி, முழங்கை, இடுப்பு எல்லாம் மடங்கும். சித்திரைப் பொருட்காட்சிக்குத் தமுக்கம் போனால் ஒன்று, முழுப்பரீட்சை முடிந்தால் ஒன்று என்று அப்பா வாங்கித் தந்தவை. அட்டையின் பின்னாலிருந்து வெட்டி எடுத்த பைல் கார்டுகளை, அதாவது அந்தந்த வீரனைப் பற்றிய குறிப்புச் சீட்டுகளைக்கூட அண்ணன் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு கிட்டுகள்: ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1:72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) ஸ்பிட்ஃபயர் போர் விமானம், தாமியா கம்பெனியின் 1:35 டாங்கி. பெரியவனானதும் ஒழுங்காகக் கட்டுவோம் என்று சொல்லி என்னைத் தொடவே விட்டதில்லை அண்ணன். இப்போது குவைத்தில் இருக்கிறான். வீடியோ காலில் காட்டியதும் "லீவுக்கு வர்றேன்டா, ரெண்டு பேரும் உக்காந்து கட்டுவோம்" என்றான்.

பொம்மைகள் பாதிக்குமேல் இடுப்போடு கழன்று கிடந்தன. கிட்டுகளின் டீகால் தாள் (மாடல்மேல் ஒட்டுகிற சின்னங்கள் அச்சிட்ட தாள்) மஞ்சளாகிவிட்டது. அதனால்தான் அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த காபியைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஸ்நேக் ஐஸ் என்கிற கறுப்பு வீரன் பொம்மையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவர். முதுகுத் திருகைக் கழற்றி மார்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் தார் மாதிரி இளகி ஒட்டியிருந்தது. "இதுதாண்ணே ஓ-ரிங். இதுதான் காலையும் உடம்பையும் இழுத்துப் புடிக்குது. வருஷம் ஆச்சுன்னா அத்துப்போகும். இத மட்டும் மாத்துனா புதுசு மாதிரி நிக்கும். எக்காரணம் கொண்டும் பசை மட்டும் வச்சிராதீங்க" என்றார். துப்பாக்கியைக் கையில் அழுத்தித் திணித்தால் கட்டைவிரல் உடைந்துவிடும் என்றார். டீகால் தாளை ஜிப் கவரில் போட்டு வெயில்படும் ஜன்னலில் ஒட்டி வைத்தால் மஞ்சள் போய்விடும் என்றார். சொன்னது எல்லாமே சரி, இந்த வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இவ்வளவு தெரிந்த ஒருவரை எப்படி நம்பாமல் இருப்பது?

பேசிக்கொண்டது இதுதான்: பொம்மைகளுக்கு ஓ-ரிங் மாற்றிச் சுத்தம் செய்வது, டீகால் தாளை வெளுப்பது. கிட்டைக் கட்டக் கூடாது, பாகங்கள் இருக்கும் சட்டத்திலிருந்து ஒன்றைக்கூட வெட்டக் கூடாது. மூன்று முறை சொன்னேன். அட்வான்ஸ் 12,000 ஜிபேயில் அனுப்பினேன். அப்புறம் "பார்ட்ஸ் வெளிநாட்டுலேர்ந்து வரணும்ணே" என்று 6,500. மொத்தம் ரூ. 18,500.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில் "மாஸ்டர் கோயம்புத்தூர் போயிருக்காரு". அப்புறம் "பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது". அப்புறம் மாலை போட்டிருக்கிறேன், மலைக்குப் போய்விட்டு வந்துதான் என்றார். மாலை போட்டவரிடம் சண்டை போட யாருக்கு மனசு வரும்? வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் மட்டும் விழும், பதில் வராது. ஆனால் இன்ஸ்டாகிராமில் வீடியோ ஒருநாள்கூடத் தவறவில்லை.

நேற்று கடைப் பையன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஓடியே போய்விட்டான். ஏன் ஓடினான் என்று திறந்ததும் புரிந்தது.

எந்தப் பொம்மைக்கும் ஓ-ரிங் மாற்றவில்லை. இடுப்பில் ஃபெவிக்விக் விட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆமாம், "பசை மட்டும் வச்சிராதீங்க" என்று சொன்ன அதே ஆள். இனி அவை உட்காராது, திரும்பாது. அசிட்டோன் போட்டு எடுக்கலாம் என்றால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரையும். சில ரூபாய் பெறாத ரப்பர் வளையம், அதற்கு ரூ. 18,500!

ஸ்நேக் ஐஸ் எங்களுடையதே இல்லை. அண்ணன் சின்ன வயதில் காம்பஸ் முனையால் பாதத்தில், ஸ்டாண்டு சொருகுகிற ஓட்டைக்குப் பக்கத்தில், 'வெ' என்று கீறி வைத்திருப்பான். வந்திருக்கிற பொம்மையில் ஓட்டை இருக்கிறது, 'வெ' இல்லை. பெயின்டும் பிசிறடிக்கிற மலிவு நகல். இந்தியாவில் தயாராகி நிறம் மாறி வந்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளைத் தேடி வாங்க வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பைல் கார்டுகள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. டாங்கி கிட்டையும் காணோம்.

வயிறு எரிந்தது ஸ்பிட்ஃபயரைப் பார்த்துத்தான். கட்டிவிட்டார்கள். யாரைக் கேட்டுக் கட்டினார்கள்? இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பதினைந்து சென்டிமீட்டர் சொச்சம் இருக்கிற சின்ன விமானம். அதில் பைலட் உட்காருகிற இடத்தின் கண்ணாடி மூடி முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கிறது. ஃபெவிக்விக் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் அப்படித்தான் ஆகும், அதனால்தான் மாடல் கட்டுகிறவர்கள் அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளைப் பசை வைப்பார்கள். ஒரு இறக்கையில் யாரோ ஒருவரின் பெருவிரல் ரேகை பசையோடு பதிந்திருக்கிறது. இத்தனை வருஷம் அண்ணன் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டி அது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். "கட்டித் தந்தது எக்ஸ்ட்ரா சர்வீஸ்ணே, அதுக்கு நான் காசே கேக்கலையே" என்றார். டாங்கி எங்கே என்றால் "நீங்க குடுக்கவே இல்லையே, பில்லுல இருக்கா?" என்றார். பில் எங்கே கொடுத்தார்? "வீட்டுக்கே வந்து எடுத்தோம்ல, அதுக்கெல்லாம் பில் கிடையாது." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது: "பழைய பிளாஸ்டிக் பொம்மைக்கு இம்புட்டுச் சண்டையா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பொருளையும் பாதம், முதுகு உட்பட போட்டோ எடுங்கள். பட்டியல் எழுதி கடைக்காரரின் கையெழுத்து வாங்காமல் வாசலைத் தாண்டவிடாதீர்கள். பிரிக்காத கிட்டை எதற்காகவும் வெளியே கொடுக்காதீர்கள், டீகாலை உங்கள் வீட்டு ஜன்னலிலேயே வெளுக்கலாம். ஓ-ரிங்கையும் நீங்களே மாற்றலாம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். என்னுடையதையெல்லாம் பிரின்ட் எடுத்துவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பாதத்தில் 'வெ' கீறிய கறுப்பு ஸ்நேக் ஐஸ் எங்காவது விற்பனைக்கு வந்தால் உடனே எனக்குத் தகவல் சொல்லுங்கள்.