சிலபஸ் அட்டையும் என் சிவப்புப் பேனாவும்

ஈரோடு புத்தகத் திருவிழாவில் போன ஆடியில் வாங்கிய அட்டைக்கட்டு இது. காலேஜில் புழங்கும் இங்கிலீஷ் சொற்கள் நூறு, முன்பக்கம் சொல், பின்பக்கம் அது எங்கிருந்து வந்தது என்று நாலு வரி, விலை 280 ரூபாய். பையன் அப்போதுதான் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான், அவனுக்கென்றுதான் எடுத்தேன். அவன் பத்து அட்டை கூடப் புரட்டவில்லை, நான்தான் தினமும் ராத்திரி கட்டைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறேன்.

செமினார் அட்டை ஒன்றுக்கே காசு கொடுக்கலாம். லத்தீனில் செமினாரியம் என்றால் விதை போட்டு நாற்று வளர்க்கும் இடமாம். கோபிப் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வைக்கும் என் மாமனாரிடம் படித்துக் காட்டினேன். "அப்போ பையன் இன்னும் நாத்தங்கால்லதான் நிக்கறானாக்கும், எப்பங்க மாப்ள புடுங்கி நடறது?" என்றார். எக்ஸாமும் அப்படித்தான், எக்ஸாமென் என்பது தராசின் முள். மஞ்சள் மண்டியில் மூட்டையை ஏற்றிவிட்டு முள் எங்கே நிற்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை (இப்போது எலக்ட்ரானிக் தராசு, அந்தப் படபடப்பே இல்லை). ஸ்கூல் கிரேக்கச் சொல், பொருள் ஓய்வு நேரம். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் கிடந்து பிளஸ் டூ முடித்த பையனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரியர் என்றால் பழைய பிரெஞ்சில் 'பின்னால்'. அந்த அட்டையை அவன் மேசையில் வைத்தேன், மறுநாள் காணோம்.

சரி, குறைக்கு வருவோம். பேச்சுலர் என்ற சொல் லாரல் மரத்துப் பழத்திலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்கிறார்கள். லத்தீன் படித்தவர்கள் ஓசை ஒத்துப்போகிறதே என்று பிற்பாடு ஒட்டவைத்த கதை அது. டீன் என்பவர் ரோமப் படையில் பத்துச் சிப்பாய்க்கும், அப்புறம் மடத்தில் பத்துத் துறவிக்கும் தலைவர். அட்டையில் 'பத்துப் பிறவிக்கு' என்று அச்சாகியிருக்கிறது, ஏதோ பூர்வ ஜென்மக் கணக்கு மாதிரி.

எல்லாவற்றுக்கும் மேல் சிலபஸ். சொல்லே ஒரு அச்சுப்பிழையில் பிறந்தது. சுருள் நூலில் ஒட்டும் பெயர்ச்சீட்டுக்குக் கிரேக்கத்தில் சிட்டிபா என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை அச்சிட்டபோது அது சிலபஸ் மாதிரி உருமாறி விழுந்தது, உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கதையை விட்டுவிட்டு 'பாடப் பட்டியல்' என்று ஒரே சொல்லோடு முடித்திருக்கிறார்கள், அதிலும் 'பாடைப் பட்டியல்' என்று! பதிப்பித்தவருக்குப் போன் போட்டேன். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாமுங்க" என்றார், ஆனால் எந்த அட்டை என்று கேட்கவே இல்லை.

200 ரூபாய்க்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். கூடவே ஒரு சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், என்னுடையது பாதி தீர்ந்துவிட்டது.