லண்டன் உச்ச நீதிமன்றம்: காசு கேட்காத ஒரு வாசல்

வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தில் இறங்கி, நாடாளுமன்றச் சதுக்கத்தைத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் வந்துவிடும். இருபது ஆண்டுகளாக இந்த நகரத்தில் இருக்கிறேன். அந்தக் கட்டடத்தை எத்தனையோ தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் உள்ளே போகலாம் என்று நினைத்ததே இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை இல்லை. சட்டம் படிக்க ஆசைப்படும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

முன்பதிவு வேண்டாம், டிக்கெட் வேண்டாம், யாருடைய வழக்கு, எதற்காக வந்தீர்கள் என்ற விசாரணையும் இல்லை. விமான நிலையத்தைப் போலப் பையை இயந்திரத்துக்குள் அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். வாசலில் நின்ற ஊழியர், எந்தக் கூடத்தில் என்ன வழக்கு என்று சொல்லி, "நடுவில் எழுந்து போவதென்றாலும் போகலாம், சத்தம் மட்டும் வேண்டாம்" என்றார். அவர் பேசிய விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறவளுக்கு அது சட்டென்று தெரியும்.

உயரமான மேடையை எதிர்பார்த்திருந்தேன். மேடை இல்லை. அரைவட்டமான மேசைக்குப் பின்னால் ஐந்து நீதிபதிகள் சாதாரண உடையில், வழக்கறிஞர்கள் இருக்கும் அதே தளத்தில் அமர்ந்திருக்கிறார்கள். பொய்முடியும் இல்லை, அங்கியும் இல்லை. தரைவிரிப்பில் நான்கு நாடுகளின் செடிகள்: இங்கிலாந்தின் ரோஜா, ஸ்காட்லாந்தின் முட்செடி, வேல்ஸின் லீக், வட அயர்லாந்தின் ஆளிப்பூ.

அன்று நடந்தது ஒரு வரி வழக்கு. சாட்சிக்கூண்டு, குறுக்கு விசாரணை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இந்த நீதிமன்றம் யார் பொய் சொன்னார், யார் அடித்தார் என்று மறுபடி விசாரிப்பதில்லை. கீழ் நீதிமன்றங்கள் கண்டறிந்த உண்மைகளை வைத்துக்கொண்டு, சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. எல்லா வழக்கும் இங்கே வந்துவிடவும் முடியாது. உரிமையியல் வழக்கானாலும் வேலை வழக்கானாலும் முதலில் அனுமதி வேண்டும். பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் மனுவைத் தாளிலேயே படித்து, பொதுமக்களுக்கு முக்கியமான சட்டக் கேள்வி இதில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் குற்றவியல் வழக்கு என்றால் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று கீழ் நீதிமன்றமே முதலில் சான்று தர வேண்டும். ஸ்காட்லாந்தின் சாதாரணக் குற்றவியல் மேல்முறையீடுகள் இங்கே வருவதே இல்லை.

என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றி எழுத முடியாது. 2014இல், ஐந்து வருடம் வேலை செய்த ஒரு பராமரிப்பு இல்லம் என்னை நீக்கியது. இரவு வேலை நேரத்தை ஒரே நாளில் மாற்றியது ஏன் என்று எழுத்தில் கேட்டிருந்தேன். மூன்று வாரத்தில் வேலை போயிற்று. தொழில் தீர்ப்பாயத்துக்குப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில்தான் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் வந்திருந்தது. நியாயமற்ற பணிநீக்க வழக்கைப் பதிய 250 பவுண், விசாரணைக்கு இன்னும் 950. கணவரின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்ததால் எங்களுக்குச் சலுகை கிடைக்கவில்லை. அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.31 பவுண். நூற்றுத்தொண்ணூறு மணி நேரம் முதியவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றினால் வருகிற காசு, ஒரு கேள்வியைக் கேட்பதற்கு. மூன்று மாதக் கெடு முடிந்தது. நான் போகவில்லை.

அந்தக் கட்டணத்தை எதிர்த்து யூனிசன் தொழிற்சங்கம் போட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தில் தோற்றது, மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. இந்தக் கட்டடத்தில் ஏழு நீதிபதிகள் அதைக் கேட்டார்கள். 2017 ஜூலை 26 அன்று, கட்டண ஆணை தொடக்கத்திலிருந்தே சட்டவிரோதம் என்று ஏழு பேரும் தீர்ப்பளித்தார்கள். ரீட் பிரபு எழுதிய தீர்ப்பை மகளின் உதவியோடு படித்தேன். வழக்குப் போடுகிறவர் தன் நன்மைக்காக மட்டும் போடுகிறார், செலவை அவரே தாங்கட்டும் என்ற அரசின் வாதத்தை அவர் அடியோடு மறுக்கிறார். சட்டம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நத்தை வழக்கை எடுத்துக்காட்டுகிறார். இஞ்சிப் பானப் போத்தலில் நத்தை கிடந்ததாக வழக்குப் போட்ட டோனஹியூ அம்மையாரால், 1932க்குப் பிறகு பொருள் வாங்குகிற எல்லோருக்கும் பாதுகாப்பு வந்தது. அந்த அம்மையார், ஐந்து பவுண் பெறுமதி கூடத் தன்னிடம் இல்லை என்று சத்தியம் செய்து, ஏழை என்ற தகுதியில்தான் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை வந்தார். அவரிடம் அன்று 1,200 பவுண் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகள் கேட்டாள்.

கட்டணம் கட்டியவர்களுக்கு அரசு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நான் கட்டவில்லை, அதனால் எனக்குத் திரும்பி வர எதுவும் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்த நாளில் அழுதேன். இப்போது எங்கள் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் யாரும் காசை எண்ணிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்கிறவர்கள் அல்லர், குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கும் உரியவர்கள் என்று 2021 பெப்ரவரியில் சொன்னதும் இந்த நீதிமன்றம்தான். ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு அது நிற்கவில்லை, நடைமுறையில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார் என்று பார்த்தது. கொலைக் குற்றத்தில் கொலையாளியோடு நின்றவரின் பொறுப்பு பற்றிய சட்டம் முப்பது வருடமாக வழி தவறிப் போயிருந்தது என்று 2016இல் ஜோகி வழக்கில் ஒப்புக்கொண்டதும் இங்கேதான். தவறை அப்படி வெளிப்படையாகச் சொல்ல எத்தனை மேலதிகாரிகளுக்கு மனம் வரும்?

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் இரவே நீதிமன்றத்தின் இணையதளத்தில் அந்த வழக்கின் பக்கத்தைப் படித்துவிடுங்கள். பிரச்சினை என்ன, நடந்தது என்ன என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வழக்கறிஞர் தொகுதி எண், பக்க எண் என்று போகும்போது நூல் அறுந்துவிடும். விசாரணைகளை வீட்டிலிருந்தும் நேரலையில் பார்க்கலாம். தீர்ப்புகளோடு வரும் இரண்டு மூன்று பக்கச் சுருக்கம் ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கே போதும். கீழ்த்தளத்தில் தேநீர்க் கடையும் சின்னக் கண்காட்சியும் இருக்கின்றன. தேநீர் சுமார்.

மூன்றாவது கூடத்தை மகளுக்குக் காட்டினேன். பிரித்தானியாவின் பழைய ஆட்சிப் பகுதிகள் சிலவற்றின் கடைசி மேல்முறையீட்டைக் கேட்கும் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வழக்கமாக அமர்வது அங்கே. என் அப்பா இலங்கை அரச சேவையில் லிகிதராக, அதாவது எழுத்தராக, இருந்தவர். சின்ன வயதில் அவர் எனக்குச் சொன்ன ஒரே சட்டக் கதை கோடீஸ்வரனுடையது. சிங்களத் தேர்ச்சி இல்லை என்று 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் லிகிதர் அவர். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போடவே முடியாது என்று 1967இல் இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது. 1969 டிசம்பரில் லண்டனில் கோமறைக் கழகம், போடலாம் என்றது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியை மட்டும் இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அதற்குப் பதில் வரவே இல்லை. 1971இல் லண்டனுக்கு மேல்முறையீடு செய்யும் வழியே மூடப்பட்டது.

வெளியே படியில் நின்று யாழ்ப்பாணத்துக்கு அழைத்தேன். எங்கே நிற்கிறேன் என்று சொன்னதும் அப்பா சிறிது நேரம் பேசவில்லை.

"கோடீஸ்வரனுடைய வழக்கு நடந்த இடமா, மகள்?"

"இல்லை அப்பா, அப்போது அவர்கள் டவுனிங் வீதியில் இருந்தார்கள். 2009இல்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள்."

"உள்ளே விட்டார்களா?"

"விட்டார்கள்."

"காசு எவ்வளவு கேட்டார்கள்?"

"ஒன்றும் கேட்கவில்லை அப்பா."