நாவல் தொடக்கம்: ‘நான்’ என்பதா, ‘அவன்’ என்பதா?

‘குற்றமும் தண்டனையும்’ நாவலை ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி முதலில் தன்மையில்தான், அதாவது ‘நான்’ என்றுதான் எழுதினார். கொலைகாரனே தரும் வாக்குமூலமாக. அதுவரை எழுதியதை 1865 நவம்பர் கடைசியில் எரித்தார். பிறகு ‘அவன்’ என்று சொல்லும் படர்க்கைக்கு மாறினார். 1866-ல் அச்சேறியது அந்த வடிவம்தான்.

ஏன் மாற வேண்டும்? தொடக்கத்தைப் பாருங்கள். ஜூலை மாதப் புழுக்கம். வாடகை பாக்கி வைத்த இளைஞன் ஒருவன் வீட்டுக்காரி கண்ணில் படாமல் படியிறங்குகிறான். மனதில் ஏதோ ஒரு காரியம் உருண்டுகொண்டிருக்கிறது. என்னவென்று நமக்கு உடனே சொல்வதில்லை. இதையே ‘நான்’ சொன்னால், தெரிந்துகொண்டே மறைக்கிறானே என்று கடுப்பாகும். படர்க்கையில் அந்த மௌனம் உறுத்துவதில்லை. அப்புறம், கதையில் பின்னால் காய்ச்சலில் பிதற்றுகிற அந்த இளைஞன் தன் கதையைக் கோர்வையாகச் சொல்வதையும் அவ்வளவு சுலபமாக நம்ப முடியாது.

அதற்காகத் தன்மை மட்டமா? இல்லை. குரல்தான் அதன் பலம். பொய்யனோ, சிறுபிள்ளையோ, வம்பு பேசும் பாட்டியோ, ஆள் யாரென்று இரண்டாவது வரியிலேயே பிடிபட்டுவிடும். படர்க்கையில் அந்த நெருக்கத்துக்கு மெனக்கெட வேண்டும். தமிழில் கூடுதலாக, வந்தானா வந்தாரா என்று முதல் வினைச்சொல்லிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

என்னைக் கேட்டால், பேச்சு ருசியான ஆள் கிடைத்தால் ‘நான்’. ரகசியம் காக்க வேண்டுமா, பல வீடுகளுக்குள் நுழைய வேண்டுமா, சரி, ‘அவன்’. ஆனால் முதல் அத்தியாயம் முழுக்க ஒரே ஆளின் தோளை விட்டு நகராதீர்கள்.