கொல்லைத் தொட்டியில் அரபைமா: ஐந்து வருட அனுபவம்

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. 2016 ஜூனில் கொல்லைத் தொட்டியில் அமேசான் ஆற்று ராட்சத மீனான அரபைமாவின் இரண்டு குஞ்சுகளையும், அதே பக்கத்து ரெட் டெயில் (சிவப்பு வால்) கெளுத்தி ஒன்றையும் விட்டேன். 2021 பிப்ரவரியில் கடைசி மீனும் கிளம்பிப் போனது. இந்த மீன்களை வாங்கிய முதல் மாதத்து மகிழ்ச்சியைப் பலரும் பகிர்கிறார்கள். மூன்றாம் வருடம் எப்படி இருக்கும் என்று நான் தேடியபோது யாரும் சொல்லவில்லை. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொட்டி. முப்பது அடி நீளம், இருபது அடி அகலம், ஆறடி ஆழம். நாலடி தரைக்குக் கீழே, இரண்டடி மேலே. ஐந்தடி தண்ணீர் நிறுத்தினால் சுமார் 85,000 லிட்டர் பிடிக்கும். வடிகட்டி நானே செய்தது: நான்கு நீலப் பீப்பாய், அடியில் கருங்கல் ஜல்லி, மேலே ஸ்பாஞ்ச், ஒரு அரைக் குதிரைத்திறன் மோட்டார். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவேன். அந்த அழுக்குத் தண்ணீரைக் கொல்லையில் இருந்த வாழைக்கே பாய்ச்சினேன், வாய்க்காலில் ஒருநாளும் விட்டதில்லை. மீன் கழிவு போன தண்ணீரில் வந்த பூவன் தாரை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது.

அரபைமாக் குஞ்சுகளைச் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கினேன். எட்டு அங்குலம், சாம்பல் நிறம், குச்சி மாதிரி இருந்தன. முதல் வருடம் முடியும்போது மூன்றடி. வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும் என்பார்களே, இது அப்படித்தான். "தொட்டிக்குத் தகுந்த அளவுதான் வளரும்" என்று கடைகளில் சொன்னால் நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் வைத்தால் முதுகு வளைந்து, உள்ளுக்குள் நலிந்து, பாதி வயதில் சாகும். அமேசானில் இது இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும் மீன்.

அரபைமா காற்றைக் குடிக்கும் மீன். செவுளை மட்டும் நம்பி அதனால் உயிர் வாழ முடியாது. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாய் திறந்து காற்றை இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வந்த புதிதில் அம்மா, "ராத்திரியெல்லாம் யாரோ கொல்லையில குடத்தத் தண்ணியில அமுக்குறாப்ல இருக்குடா தம்பி, தூக்கமே வரல" என்றார். ஆறு மாதம் கழித்து அதே அம்மா, சத்தம் கொஞ்ச நேரம் வராவிட்டால் எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தால், அடியிலிருந்து ஒரு நிழல் மெல்ல மேலே வரும். முதலில் தட்டையான தலை, அப்புறம் முதுகு, கடைசியில் வால் பக்கம் செதில் ஒவ்வொன்றின் விளிம்பிலும் குங்குமத்தைத் தொட்டு வைத்தது மாதிரி சிவப்பு. பெரிதாகப் பெரிதாக அந்தச் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது. ஒரு செதில் உதிர்ந்து கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது, நகம் மாதிரி கெட்டி. இன்னும் பூஜை அலமாரியில் இருக்கிறது.

தீனி விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். கடல் மீன் மலிவாகக் கிடைக்கிறதே என்று நாலு மாதம் தொடர்ந்து மத்தியை மட்டுமே போட்டேன். ரெட் டெயில் கெளுத்தி தள்ளாட ஆரம்பித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது. மத்தி வகை மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயமின் என்கிற பி1 வைட்டமினை அழித்துவிடும். ஜிலேபிக் கெண்டைக்கும் இறாலுக்கும் மாற்றி, வாரம் இருமுறை வைட்டமின் மாத்திரையை மீன் துண்டுக்குள் செருகிக் கொடுத்த பிறகு ஒரு மாதத்தில் நிமிர்ந்தது. கோழிக் கழிவு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கொழுப்பு ஏறும், தண்ணீர் கெடும். ஜிலேபியை உயிரோடு போடுவதையும் நிறுத்தினேன். இரண்டு நாள் உறைய வைத்து, முதுகு முள்ளை வெட்டிவிட்டுப் போட்டேன். மூன்றாம் வருடம் ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோ ஆனது. மாதம் நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் தீனிக்கு மட்டும் போய்விடும். கரண்டு பில் தனி.

மார்கழியில் ராத்திரிக் குளிர் இவற்றுக்கு ஆகாது. தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிட்டால் தீனியைக் குறைத்துவிடுவேன். தொட்டிக்கு மேலே ஜி.ஐ. குழாயில் சட்டம் கட்டி நைலான் வலை போட்டிருந்தேன். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் மட்டுமல்ல, அரபைமா துள்ளும் என்பதற்காகவும். நாலடி மீன் துள்ளி விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறுபடி ஓரத்தில் நிற்க மாட்டார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் பதினோரு தென்னை விழுந்தது. ஒன்று வலைச் சட்டத்தின் மேலேயே சாய்ந்து, மட்டையும் குலையும் தொட்டிக்குள் கிடந்தன. எங்கள் ஊருக்குக் கரண்டு வர 23 நாள் ஆனது. இன்வெர்ட்டர் முதல் நாள் மதியமே நின்றுவிட்டது. இலையும் மட்டையும் ஊற ஊறத் தண்ணீர் கறுத்தது. அரபைமா இரண்டும் வழக்கம்போல மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டு போயின. ரெட் டெயிலுக்கு அது முடியாது. இரண்டாம் நாள் ராத்திரி அது மீசையை மேலே நீட்டிக்கொண்டு, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து மூச்சு வாங்கியது. நானும் தம்பியும் விடிய விடிய வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். விடிவதற்குள் போய்விட்டது. எட்டு கிலோ இருக்கும். விழுந்த தென்னையின் வேர்க்குழியிலேயே புதைத்தோம். தம்பி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

சரி, காற்றைக் குடிக்கும் மீன்தான் நமக்குத் தோது, கரண்டு போனாலும் பிழைக்கும் என்று அப்போது நினைத்தேன். எதையும் தாங்கிப் பிழைக்கும் என்பதுதான் அதை நம் ஊரில் ஆபத்தாக்குகிறது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

2020 டிசம்பர், புரெவி புயல். காற்று பெரிதாக இல்லை, மழைதான் விடாமல் கொட்டியது. வயல், வாய்க்கால், தெரு எல்லாம் ஒரே தண்ணீர். கொல்லையில் முழங்கால் அளவு ஏறியது. தொட்டியின் உபரிக் குழாய் வாய் வெளியே தண்ணீருக்குள் மூழ்கிவிட்டதால் உள்ளே பெய்த மழை வெளியேற வழியில்லை. உள்ளேயும் ஏறுகிறது, வெளியேயும் ஏறுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அளந்து பார்த்தபோது வெளித் தண்ணீருக்கும் சுவர் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண்தான். டீசல் என்ஜின் வைத்து இறைக்கலாம் என்றால் எங்கே இறைப்பது? நெல் மூட்டைச் சாக்கில் மணல் நிரப்பிச் சுவர் மேல் அடுக்கினோம். பக்கத்து வீட்டுச் சித்தப்பா சாக்கைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, இது வெளிய போனா நம்ம விரால் குஞ்சு, கெண்டைக் குஞ்சு எல்லாத்தையும் தின்னுடாதா?"

தின்றுவிடும். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அரபைமாவும், முதலை மாதிரி வாய் கொண்ட 'அலிகேட்டர் கார்' என்ற வெளிநாட்டு மீனும் பிடிபட்ட செய்தியைப் படித்திருந்தேன். யாரோ அங்கே சரியாக வேலி போடவில்லை என்றுதான் அப்போது எண்ணினேன். டெல்டாவில் வேலி என்ன செய்யும்? என் கொல்லை வடிகால் வாய்க்காலில் சேர்கிறது, வாய்க்கால் ஆற்றில் சேர்கிறது, நடுவில் நூற்றுக்கணக்கான குட்டைகள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் டேங்க் கிளீனர் மீனும் நம் குளங்களில் செய்திருப்பதை வலை வீசுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அன்று தண்ணீர் மணல் சாக்கைத் தாண்டவில்லை, விடிந்ததும் வடிய ஆரம்பித்தது. ஆனால் அந்த ஒரு சாண் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆற்றில் விட்டுவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மூடிய கூரையோடு, மேட்டு நிலத்தில், வெள்ளம் எட்டாத தொட்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேட இரண்டு மாதம் ஆனது. ஐந்தரை அடி மீனைக் கொண்டுபோக டெம்போவில் தார்ப்பாய்த் தொட்டி கட்டி, பாதிக்கு மட்டும் தண்ணீர் விட்டோம். மேலே இடைவெளி இருந்தால்தான் அது காற்றைக் குடிக்க முடியும். ஈரச் சாக்கில் பொதிந்து ஆறு பேர் தூக்கினோம். இரண்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: காவிரித் தண்ணீர் பாயும் ஊரில் இருந்தால் வாங்காதீர்கள். எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் சரி. அந்த மீன் மேல் எனக்கு இருக்கும் ஆசை கொஞ்சமும் குறையவில்லை, இருந்தும் சொல்கிறேன்.

இப்போது அதே தொட்டியில் விரால் இருக்கிறது. அதுவும் வேட்டையாடுகிற மீன்தான், அதுவும் காற்றைக் குடிக்கிற மீன்தான். போன ஆடியில் ஒரு ஜோடி ஓரத்துப் பாசியில் முட்டை வைத்தது. குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு பந்து மாதிரி திரண்டு மேலே வந்து போக, அடியில் பெரிய விரால் காவல் நின்றது. நான் கையை நீட்டியதும் தண்ணீரை வாலால் அடித்து என் சட்டையை நனைத்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது சத்தமே போடலயேடா" என்றார்.