‘துணிமணியோட வந்தா போதும்’ என்று விற்கும் பழைய வீடு: கோலாலம்பூரில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

செத்தாப்பாக், வங்சா மாஜு, கெப்போங் பக்கம் பழைய டெரஸ் வீடு (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளம்பரத்தில் ‘முழுவதும் புதுப்பிக்கப்பட்டது’ என்று போட்டு, சாம்பல் நிற வினைல் தரை, பளீர் வெள்ளைச் சுவர், ஓரத்தில் விளக்கு மறைத்து வைத்த பிளாஸ்டர் சீலிங் என்று படங்கள் இருந்தால், பக்கத்தில் உள்ள அழுக்கு வீட்டைவிட அதிகச் சந்தேகத்தோடு அந்த வீட்டைப் பாருங்கள். அழுக்கு வீட்டில் ஒழுகல் எங்கே, விரிசல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். அதைக் காட்டிப் பேரம் பேசலாம். பூசி மெழுகிய வீட்டில் அதே ஒழுகலைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவீர்கள்.

செந்தூலில் இருந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு, செத்தாப்பாக்கில் ஒரு பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இரண்டு மாடி டெரஸ் வீடு வாங்கினோம். ஏஜென்ட் நம்மவர்தான். ‘அக்கா, மூவ் இன் கண்டிஷன். துணிமணியோட வந்தா போதும், பாலைக் காய்ச்சிட்டு உட்கார்ந்துடலாம்’ என்றார். கழுத்தில் சிவப்பு அட்டை, அதில் எண், கியூ.ஆர். குறியீடு எல்லாம் இருந்தன. சரிபார்த்தோம், அசல் அட்டைதான். வீடு விற்க அனுமதி உள்ளவர் என்பதற்கு மேல் அந்த அட்டை எதையும் சொல்லாது. போலி ஏஜென்ட்களைப் பற்றி ஊரே எச்சரிக்கிறது. அசல் ஏஜென்ட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மாமியாருக்கு ஆடி பிறப்பதற்குள் குடிபுக வேண்டும். இரண்டாம் கை வீட்டில் ஒப்பந்தம் போட்டதிலிருந்து 3 மாதம், தேவைப்பட்டால் வட்டியோடு இன்னும் 1 மாதம் என்பதுதான் வழக்கமான கெடு. ஏஜென்ட் அந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணிக் காட்டி, ‘இந்த வாரமே புக்கிங் போட்டாத்தான் ஆனியில சாவி கைக்கு வரும்’ என்று அவசரப்படுத்தினார். இன்னொரு குடும்பம் நாளைக்கே பணத்தோடு வருகிறதாம். அந்தக் குடும்பம் எல்லா வீட்டுக்கும் நாளைக்குத்தான் வரும் என்று இப்போது தெரிகிறது. விலையில் 3 விழுக்காட்டைக் கட்டினோம். ஆனியில் பாலும் காய்ச்சினோம்.

கோலாலம்பூரில் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் சாயங்கால இடிமழை வெளுத்து வாங்கும். ஜூன், ஜூலை ஓரளவு காய்ந்த மாதங்கள். அதனால் தீபாவளி நெருங்கும்வரை வீடு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மேல்மாடி அறையின் சீலிங்கில் பழுப்பாக ஒரு கறை வந்தது. இரண்டு மழையில் அது பாய் அகலத்துக்குப் பரவி, ஒரு மூலை கழன்று தொங்கியது.

கூரைக்குள் ஏறிப் பார்க்கலாம் என்றால் ஏற வழியே இல்லை. பழைய சீலிங்கில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சதுர மூடி இருந்திருக்கும். புது பிளாஸ்டர் போட்டபோது அதை அடைத்துவிட்டார்கள். வெட்டித் திறந்தால், மரச் சட்டங்கள் மேல் கரையானின் மண்குழாய்கள். சில சட்டங்களைக் கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போனது. உடைந்த ஓடுகளின் அடியில் சிலிகான் அப்பி வைத்திருந்தார்கள். இதற்கு முன்னும் ஒழுகியிருக்கிறது, அது தெரிந்தேதான் சீலிங்கை மூடியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நம் நகரங்களில் வீட்டைத் தின்பது பெரும்பாலும் கோப்டோடெர்மெஸ் கெஸ்ட்ரோய் என்ற நிலத்தடிக் கரையான் வகை. மண்ணிலிருந்து சுவர் வழியாகக் கூரைவரை ஏறிவிடும். டெரஸ் வரிசையில் பக்கத்து வீட்டிலிருந்தும் வரும். இப்போது கட்டும் பல வீடுகளில் கூரைச் சட்டம் துத்தநாகம் பூசிய இரும்பு. பழைய தாமான்களில் மரம்தான். ஆகவே பழைய வீட்டில் புது சீலிங், அதில் ஏறிப் பார்க்க மூடி இல்லை என்றால், அங்கேயே நின்று ஏன் என்று கேளுங்கள்.

மேல்மாடிக் குளியலறை அடுத்த கதை. பழைய டைலை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல் ஒட்டியிருந்தார்கள். அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு பழையது, செத்துப்போனது. குளித்த தண்ணீர் மெதுவாக இறங்கி, கீழே ஹாலின் மறைவு விளக்கு வழியாகச் சொட்டியது. மின்சார விளக்கு வழியாகத் தண்ணீர்! டைல் மேல் டைலைக் கண்டுபிடிப்பது சுலபம். குளியலறைத் தரை அறையின் தரையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். அந்த இறக்கம் காணாமல் போயிருந்தாலோ, கதவின் அடிப்பகுதியைப் புதிதாக அறுத்திருந்தாலோ சந்தேகப்படலாம். வீடு பார்க்கப் போகும்போது ஷவரைக் கால் மணி நேரம் திறந்துவிட்டு, கீழே வந்து அண்ணாந்து பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆனால் பணத்தை அதிகம் விழுங்கப் போவது குசினி, அதாவது சமையலறை. பின்பக்கச் சந்தான லோரோங்வரை நீட்டிக் கட்டி, நடுவில் தனியாக நிற்கும் தீவு மேசையெல்லாம் போட்டிருந்தார்கள். அந்த மேசையைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன் என்று என் கணவர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார், அது வேறு விஷயம். நீட்டிய பகுதிக்கு ஆழமான அடித்தளம் கிடையாது. மூல வீடு அசையாமல் நிற்க, இது மட்டும் தனியாக இறங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் தரையிலிருந்து சீலிங்வரை விரிசல். அந்தக் கோட்டின் மேல் சரியாக ஓர் உயரமான அலமாரியை ஆணியடித்து நிறுத்தியிருந்தார்கள். கழிவுநீர்க் குழாயைத் திறந்து சுத்தம் செய்யும் மேன்ஹோல் மூடியும் குசினி டைலுக்கு அடியில் புதைந்திருந்தது. குழாய் அடைத்துக்கொண்ட அன்றுதான் அது தெரிந்தது. கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் பொதுக் குழாயைத்தான் கவனிக்கும். வீட்டிலிருந்து அதுவரை போகும் இணைப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. டைலை உடைத்து மூடியைத் தேடினோம்.

இந்த நீட்டிப்புக்கு டி.பி.கே.எல். (கோலாலம்பூர் மாநகராண்மைக் கழகம்) அனுமதி பெற்ற வரைபடமும் இல்லை. அனுமதி இல்லாமல் கட்டியவர் முந்தைய சொந்தக்காரராக இருக்கலாம். நோட்டீஸ் வருவது இன்றைய சொந்தக்காரருக்கு. பின்பக்கம் நீட்டிய எந்த வீடாக இருந்தாலும், அங்கீகரித்த வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். ‘இங்க எல்லாருமே இப்படித்தான் கட்டியிருக்காங்க’ என்பது பதில் ஆகாது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயர் மாற்றியிருக்கிறோம் என்று சொன்னால், பதிவு பெற்ற வயர்மேன் கையெழுத்திட்ட ஜி பாரமும் எச் பாரமும் (வேலை முடிந்த சான்றும் சோதனைச் சான்றும்) எங்கே என்று கேளுங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். சுடுநீர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெட்டி புதியது, பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. சாவி வாங்கும் அன்று தெனாகா மின்சார மீட்டரையும் அதன் சீலையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் முன்பு யாராவது கைவைத்திருந்தால், பிறகு எழும் கேள்விக்கு அந்தப் படம் உதவும்.

இத்தனையும் இருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லையா என்று கேட்பீர்கள். எங்களுக்கு லாயர் இருந்தார், வங்கி அனுப்பிய வேல்யுவர் வந்தார், ஏஜென்ட் இருந்தார். லாயர் பார்த்தது நிலப்பட்டாவை. வேல்யுவர் பார்த்தது, கடன் தவறினால் வங்கிக்கு எவ்வளவு தேறும் என்பதை. அவருடைய அறிக்கை வங்கிக்குப் போனது, எங்கள் கைக்கு வரவில்லை. ஏஜென்ட் விற்கிறவரின் ஆள், கமிஷன் அங்கிருந்துதான் வருகிறது. மூன்று பேரில் ஒருவருக்கும் கூரையையும் குழாயையும் பார்ப்பது வேலை இல்லை. வாங்குகிறவர் மட்டும், இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

வாங்கிய பிறகு எங்கே போய் முறையிடுவது என்பதில்தான் இன்னும் பெரிய ஏமாற்றம். டெவலப்பரிடம் நேரடியாகப் புது வீடு வாங்கினால், சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் குறைகளை அவர்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். அது சட்டம் வகுத்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இரண்டாம் கை வீட்டுக்கு அப்படி ஒரு ஒப்பந்தப் படிவமே கிடையாது. ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ வாங்குகிறோம் என்று ஒரு வரி இருக்கும், அதில் கையெழுத்துப் போடுகிறோம். வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் டெவலப்பர்கள் மீதான புகார்களுக்கு. பயனீட்டாளர் தீர்ப்பாயம் வீடு, நிலம் விற்பனைத் தகராறை எடுப்பதில்லை. மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. எங்கள் லாயர் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து விளக்கினார். விற்கிறவர் சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தது மட்டும் மோசடி ஆகாது, வேண்டுமென்றே மறைத்தார் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டினாலும், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு வாதாடும். செலவையும் வருடங்களையும் கணக்குப் போட்டு வழக்கை விட்டுவிட்டோம்.

பக்கத்து வீட்டு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருநாள் வேலி ஓரமாகப் பேசும்போது சாதாரணமாகச் சொன்னார்: முந்தைய சொந்தக்காரர் இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை, லேலோங்கில் (ஏலத்தில்) எடுத்து, ஆள் வைத்து அவசர அவசரமாகப் பூசி, விற்றுவிட்டார் என்று. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நில அலுவலகத்தில் சிறு கட்டணத்தில் யாரும் பட்டாத் தேடல் எடுக்கலாம். இப்போதைய சொந்தக்காரர் பெயருக்கு வீடு எந்தத் தேதியில் மாறியது என்பது அதில் இருக்கும். அண்மையில்தான் மாறியிருக்கிறது, வீடும் புத்தம் புதிதாக மின்னுகிறது என்றால், வாழ்வதற்கு வாங்கியவர் அல்ல, விற்பதற்கு வாங்கியவர். 3 வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. அதையும் கட்டி, லாபமும் பார்க்க வேண்டும் என்றால் எங்கே மிச்சம் பிடிப்பார்? கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான்.

வீட்டைச் சோதித்து அறிக்கை தரும் ஆட்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். கட்டணம் சில நூறு வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) தொடங்குகிறது. 5 லட்சம் வெள்ளி வீட்டுக்கு முத்திரை வரி மட்டும் 9,000 வெள்ளி. முதல் வீட்டுக்குச் சலுகை உண்டு, எங்களுக்கு இல்லை. அதோடு ஒப்பிட்டால் சோதனைச் செலவு பெரிதல்ல. ஆனால் புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டும். கட்டிவிட்டு, குறை கண்டுபிடித்துப் பின்வாங்கினால், பாரத்தில் அதற்கென்று ஒரு நிபந்தனை எழுதவில்லை என்றால் அந்த 3 விழுக்காடு போய்விடும். ‘சோதனை அறிக்கை திருப்தியாக இருந்தால் மட்டுமே, இல்லையெனில் முன்பணம் முழுதாகத் திருப்பித் தரப்படும்’ என்று புக்கிங் பாரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற ஏஜென்ட்டுக்கு எதோ தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதற்கு மேல் ஒரு துணைக்கதையும் உண்டு. குளியலறையைச் சரிசெய்ய நாங்கள் கூப்பிட்ட முதல் கான்ட்ராக்டர் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கி, டைலை உடைத்து, குப்பையைப் பின் லோரோங்கில் கொட்டிவிட்டு ஆளே காணாமல் போனார். போன் அடித்தால் ‘நாளைக்கு வரேண்ணே’ என்று என் கணவரிடம் சொல்வார், அவ்வளவுதான். ஆனால் இவர் விஷயத்தில் ஒரு வழி இருந்தது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளிவரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, லாயர் தேவையில்லை. வாட்ஸ்அப் உரையாடல், வங்கி மாற்றுச் சீட்டு, உடைத்துப்போட்ட தரையின் படங்கள் இவற்றைக் கொண்டுபோனோம். செய்யாத வேலைக்கான பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவுக்குப் பின் 14 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அது குற்றமாகிவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது, கொடுத்துவிட்டார். அடுத்து வந்தவரை சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தோம். பணத்தையும் வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுத்தோம். கடைசிப் பகுதியைக் கொடுக்கும் முன், தரைக் குழியை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்தோம்.

கூரையும் குளியலறையும் இப்போது சரி. குசினியை இடித்து, வரைபடம் போட்டு, அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அதற்கு இன்னும் பணம் சேர்க்கிறோம். இதற்கிடையே எங்களுக்கு விற்றவர் கெப்போங்கில் இன்னொரு டெரஸ் வீட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதே சாம்பல் தரை, அதே சீலிங், குசினியில் அதே மாதிரி ஓர் உயரமான அலமாரி. பார்க்கப் போகிறவர்கள் அந்த அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பாருங்கள்.