ஜீன்எக்ஸ்பர்ட்டா, லைன் புரோப் அஸ்ஸேயா?

டிபி இருக்கா, ரிஃபாம்பிசின்ங்கிற டிபி மருந்து அதுக்கு கேக்குமான்னு சீக்கிரம் தெரியணும்னா கண்ண மூடிட்டு ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின்தான். சளியோட ரீஏஜென்ட்ட கலந்து குலுக்கி 15 நிமிஷம் வச்சு, 2 மில்லிய கார்ட்ரிட்ஜ்ல விட்டு மெஷின்ல சொருகிட்டா 2 மணி நேரத்துக்குள்ள ரிசல்ட், மிச்ச வேலையெல்லாம் அதுவே உள்ளயே பாத்துக்கும். அல்ட்ரா கார்ட்ரிட்ஜ்னா கிருமி ரொம்ப கம்மியா இருந்தாலும் புடிச்சிடும்.

ஆனா சாதா கார்ட்ரிட்ஜ் ஐசோனியாசிட்ங்கிற இன்னொரு டிபி மருந்து பத்தி வாயே திறக்காது, அங்கதான் லைன் புரோப் (கிருமியோட டிஎன்ஏ மாற்றத்த ஸ்ட்ரிப்ல கோடுகளா காட்டுற டெஸ்ட்) ஜெயிக்குது. கிருமியோட கேட்-ஜி, இன்ஹா-ஏ ரெண்டு ஜீனையும் பாக்கும், அதுல இன்ஹா-ஏல மட்டும் மாற்றம்னா பெரும்பாலும் லோ லெவல் ரெசிஸ்டன்ஸ் (மருந்த கொஞ்சமாதான் எதிர்க்கும்), டோஸ் கூட்டி குடுக்கலாமான்னு டாக்டர் யோசிக்க முடியும்.

லைன் புரோப்ல தொல்லை என்னன்னா பிசிஆருக்கு (டிஎன்ஏவ பல மடங்கா நகலெடுக்கிற வேலை) தனித்தனி ரூம் வேணும், 1-2 நாள் ஆகும், கடைசில ஸ்ட்ரிப்ல மங்கலா ஒரு கோடு தெரியும் பாருங்க, அது பேண்டா இல்ல கறையான்னு ரெண்டு பேர் சண்டை போடணும் (கன்ட்ரோல் கோடே வரலன்னா மொத்தமும் திரும்ப!). ஸ்மியர் நெகட்டிவ் (மைக்ரோஸ்கோப்ல கிருமி தெரியாத) சளில நேரடியா போட்டா பல நேரம் தேறாது.

டிபி இல்லாத மத்த மைக்கோபாக்டீரியான்னா (டிபி கிருமியோட சொந்தக்கார கிருமிங்க) எக்ஸ்பர்ட் நெகட்டிவ்னுதான் சொல்லும், அது எந்த இனம்னு கல்ச்சர்ல (லேப்ல வளத்த கிருமில) இருந்து சொல்ல லைன் புரோப்ல தனி ஸ்ட்ரிப் இருக்கு.

ட்ரீட்மென்ட் முடிஞ்சப்புறம் செத்த கிருமியோட டிஎன்ஏவுக்கு ரெண்டுமே ஏமாறும்.