பிராட்டிஸ்லாவாவில் கிறிஸ்துமஸ் விருந்து: போகலாமா?

டிசம்பரில் ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவா போகிறவர்கள் பெரும்பாலும் பழைய நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான ஒயினும் உருளைக்கிழங்கு மாவில் சுட்ட லோக்ஷேவும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சந்தை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்லோவாக்கியர்களுக்கு 24ஆம் தேதி இரவு வீட்டு மேசைதான் கிறிஸ்துமஸ், அன்று மதியத்துக்கு மேல் கடைகளையெல்லாம் சாத்திவிடுவார்கள், உணவகங்களும் அநேகமாகப் பூட்டித்தான் கிடக்கும். அந்த இரவு விருந்தை டிசம்பர் முழுக்க அதே வரிசையில் பரிமாறும் சின்னக் குடும்ப உணவகம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் உடனே இடம் சொல்லி வைத்துவிட்டோம்.

முதலில் ஒப்லாட்கி வந்தது. தேவாலயத்தில் தரும் அப்பத்தின் வகைதான், அளவில் பெரியது, தொட்டாலே நொறுங்கும். அதில் தேனைத் தடவி, பச்சைப் பூண்டுத் துண்டு வைத்துச் சாப்பிட வேண்டும். தேனுக்கும் பூண்டுக்கும் என்ன பொருத்தம் என்று தயங்காதீர்கள், இனிப்பு நாக்கில் பரவி முடிவதற்குள் பூண்டு சுள்ளென்று ஏறுகிறது, பசி அப்படியே கிளம்பிவிடுகிறது. வருஷம் முழுக்க உடம்பு நன்றாக இருக்கப் பூண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. வீடுகளில் பெரியவர்கள் தேனைத் தொட்டு எல்லோர் நெற்றியிலும் சிலுவை போடுவார்கள். இங்கே உணவகத்து அம்மா எங்களிடம் கேட்டுக்கொண்டு குழந்தைகளுக்கு மட்டும் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு ஆப்பிளைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். நடுவில் விதையறைகள் நட்சத்திரமாக முழுசாகத் தெரிந்தால் குடும்பத்துக்கு ஆரோக்கியம், புழு அரித்திருந்தால் நோய். எங்களுக்கு நட்சத்திரம்! தட்டுக்கு அடியில் மீன் செதில் இருந்தது, பர்ஸில் வைத்தால் பணம் தங்குமாம். யாராவது எதிர்பாராமல் வந்தால் உட்கார ஒரு தட்டு கூடுதலாக வைப்பதையும் அவர்கள் விடவில்லை.

கபுஸ்த்னிட்சா என்ற புளித்த முட்டைக்கோஸ் சூப் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. புகைபோட்ட தொத்திறைச்சி சேர்த்தது ஒன்று, கத்தோலிக்க வீடுகளின் விரத வழக்கப்படி இறைச்சியில்லாதது ஒன்று. யோசிக்காமல் இரண்டாவதை வாங்குங்கள், காய்ந்த காட்டுக் காளானின் வாசனையும் உலர்ந்த பிளம்ஸின் லேசான இனிப்பும் அதில்தான் தெளிவாகத் தெரிகின்றன.

அடுத்து கெண்டை மீன் வறுவல், உருளைக்கிழங்கு சாலட். சாலட் அருமை. மீனை முன்கூட்டியே வறுத்து வைத்திருக்கிறார்கள், மேல்பூச்சு நமத்துப் போயிருந்தது, முள்ளும் அதிகம். ஆனால் போபால்கி எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது: சின்னச் சின்ன மாவு உருண்டைகளைச் சுட்டு, சூடான பாலில் நனைத்து, தேனும் கசகசாவும் போட்டுப் பிரட்டித் தருகிறார்கள். கசகசாவை அப்போதைக்கப்போது அரைக்கிறார்கள், அரைத்து வைத்த பழைய பொடியில் இந்த மணம் வராது.

ஒரே வருத்தம் அவசரம். அந்த இரவு சாப்பாடு முடியும்வரை மேசையை விட்டு யாரும் எழக்கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம், இங்கேயோ அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது என்று இனிப்பு சாப்பிடும்போதே பில் வந்துவிட்டது. இத்தனை மரியாதையாகத் தொடங்கிய விருந்தை அப்படி முடிப்பது சரியில்லை.

இருந்தாலும் போங்கள். கடைசிப் பந்தியில் இடம் கேளுங்கள், மீனை ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள், போபால்கியை மட்டும் ஆளுக்கொன்று சொல்லிவிடுங்கள்.